தரை காய்ந்திருக்கும்போது சோதித்து என்ன பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது, தலையில் அடிபட்டு இறந்துபோனார் என்று செய்தி வரும்போதெல்லாம் அதில் ஒரே ஒரு விவரத்தைத் தேடுவேன், கிடைக்காது. விழுந்தவரின் வயது இருக்கும், என்ன வேலை பார்த்தார் என்று இருக்கும், எத்தனை மணிக்கு உயிர் பிரிந்தது என்பது வரைக்கும் இருக்கும். அவர் விழுந்த தரை என்ன தரை, அப்போது ஈரமாக இருந்ததா, அந்தத் தரையை யாராவது எப்போதாவது சோதித்திருக்கிறார்களா, இது மட்டும் இருக்காது. உங்கள் நாளிதழை மட்டும் சொல்லவில்லை, எல்லாருமே அப்படித்தான் எழுதுகிறார்கள். பாலம் இடிந்தால் கலவையில் சிமென்ட் எவ்வளவு என்று கேட்கிறோம், லிஃப்ட் விழுந்தால் கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார்கள் என்று கேட்கிறோம். தரையில் ஒருவர் விழுந்தால் மட்டும் 'பார்த்து நடந்திருக்கலாம்' என்று பழியை விழுந்தவர் தலையிலேயே கட்டிவிடுகிறோம்.

நான் கட்டடப் பராமரிப்பு வேலையில் இருப்பவன். தரை என்றால் எங்கள் துறையிலேயே கறை, விரிசல், பளபளப்பு, இவ்வளவுதான் பேச்சு. மின் இணைப்புக்குச் சோதனை உண்டு, தீயணைப்புக் கருவிக்குத் தேதி போட்ட சீட்டு உண்டு, தண்ணீர்த் தொட்டிக்குக்கூடக் கழுவிய தேதியை எழுதி வைக்கிறோம். கட்டடத்துக்குள் வரும் அத்தனை பேரும் மிதித்தே தீரவேண்டியது தரை, அதற்குப் பெரும்பாலான இடங்களில் ஒரு தாளும் கிடையாது. நான் சொல்ல வருவது இதுதான்: தரை எவ்வளவு வழுக்கும் என்பதை அளக்க முடியும், அதைப் பதித்த இடத்திலேயே ஈரமாக்கி அளக்க வேண்டும், ஒருமுறையோடு நிறுத்தாமல் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். டைல்ஸ் பெட்டியோடு வந்த சான்றிதழ் இதற்குப் போதாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். மருத்துவரிடம் போகிற அளவுக்கு அடிபடும் விழுதல்கள் ஆண்டுக்கு 3.73 கோடி. மாடியிலிருந்து விழுந்தவர்கள், மயங்கி விழுந்தவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கில் உண்டு, எல்லாவற்றையும் தரை மேல் போட முடியாது, சரி. ஆனால் இறப்பவர்களில் 60 வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். பார்வை மங்கி, கால் வலு குறைந்து, ஒருமுறை சறுக்கினால் சுதாரிக்க முடியாத வயது அது. அவர்களுடைய கவனத்தை நம்பித் தரை போடக் கூடாது.

காய்ந்த தரையில் பெரும்பாலும் யாரும் வழுக்குவதில்லை. முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் போட்ட கல்கூட, காய்ந்து சுத்தமாக இருந்தால் நன்றாகவே பிடிக்கும். தண்ணீர் வந்ததும்தான் சிக்கல். நடக்கும்போது முதலில் குதிகாலின் பின்விளிம்பு தரையைத் தொடுகிறது, உடம்பின் எடை அதன் மேல் இறங்குகிறது, அந்த நொடிக்கும் குறைவான நேரத்தில் செருப்புக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற தண்ணீர் பிதுங்கி வெளியேறியாக வேண்டும். வெளியேறாவிட்டால் குதிகால் நிற்பது தரை மேல் இல்லை, ஒரு மெல்லிய நீர்ப்படலத்தின் மேல். மழையில் வேகமாகப் போகும் கார் டயருக்கு நடப்பதும் இதேதான். தரையில் போதுமான சொரசொரப்பு இருந்தால் அதன் நுண்ணிய மேடுகள் அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டு செருப்பைத் தொடும், பிடிமானம் அங்கேதான் வருகிறது. குதிகால் ஓரிரு சென்டிமீட்டர் சறுக்கினால் நமக்குத் தெரிவதுகூட இல்லை, உடம்பு தானாகச் சமாளித்துக்கொள்ளும். 10 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் விழுந்துதான் ஆக வேண்டும்.

அந்த மேடுகள் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ. இதற்கு வழிகாட்டி அளவு தருகிறது. வெறும் தண்ணீர் சிந்தும் இடத்துக்கு 20 மைக்ரான், சோப்புத் தண்ணீர் என்றால் 45, எண்ணெய் என்றால் 70. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வருவது ஒரு மைக்ரான். திரவம் கெட்டியாக ஆக ஆக உயரமான மேடு தேவைப்படுகிறது, அதனால் நுழைவாயிலுக்குப் பொருந்தும் டைல் சமையலறைக்குப் பொருந்தாது. 20 மைக்ரானை யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கையால் தடவிப் பார்த்து 'கிரிப் நல்லா இருக்கு சார்' என்று சொல்லும் விற்பனையாளரின் விரலும் காய்ந்திருக்கிறது, டைலும் காய்ந்திருக்கிறது.

அளப்பதற்குக் கருவி இல்லையா என்றால், இருக்கிறது, பழைய கருவிதான். பெண்டுலம் சோதனை என்பார்கள். 1940களில் அமெரிக்காவின் தேசிய அளவீட்டு அமைப்பில் பெர்சி சிக்லர் என்பவர் உருவாக்கியது, அப்புறம் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடம் சாலைகளைச் சோதிப்பதற்காக மாற்றியமைத்தது, அங்கிருந்து கட்டடத் தரைகளுக்கும் வந்தது. ஒரு தாங்கியில் ஊசல் கை, அதன் முனையில் ரப்பர் துண்டு. கையை மேலிருந்து விட்டால் கீழே வந்து ரப்பர் தரையைச் சுமார் 12.5 சென்டிமீட்டர் உரசிக்கொண்டு மறுபக்கம் ஏறும். தரை இழுத்துப் பிடித்தால் கை குறைவாக ஏறும், வழுக்கினால் நிறைய ஏறும், எவ்வளவு ஏறியது என்பதை ஒரு முள் காட்டும். குதிகால் ஈரத் தரையைத் தொட்டுச் சறுக்குவதை ஓரளவுக்கு அப்படியே நடித்துக் காட்டுகிறது என்பதுதான் இதன் பலம். பிரிட்டன் முறையில் ஒவ்வொரு இடத்திலும் 8 முறை விட்டு, முதல் மூன்றைத் தள்ளிவிட்டு மீதி ஐந்துக்குச் சராசரி எடுப்பார்கள், மூன்று திசைகளில் செய்வார்கள், ஏனென்றால் ஒரு திசையில் பிடிக்கும் தரை இன்னொரு திசையில் பிடிக்காமல் போகலாம். செருப்பு, ஷூவோடு நடக்கும் இடத்துக்குக் கடினமான ரப்பர், குளியலறை, நீச்சல் குளம் மாதிரி வெறுங்காலோடு நடக்கும் இடத்துக்கு மென்மையான ரப்பர்.

வரும் எண்ணைப் படிப்பது எளிது. ஈரத் தரையில் 24 வரை வந்தால் வழுக்கும் அபாயம் அதிகம், 25 முதல் 35 வரை நடுத்தரம், 36-ம் அதற்கு மேலும் குறைவு. இந்த 36 எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: சமதரையில் நேராக நடப்பவர் வழுக்குவதற்கான வாய்ப்பு 36-ல் பத்து லட்சத்தில் ஒன்று என்று பிரிட்டனில் கணக்கிட்டிருக்கிறார்கள், 24-ல் அது இருபதில் ஒன்று. 36-க்கும் 24-க்கும் என்ன பெரிய வித்தியாசம், பன்னிரண்டுதானே என்று சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் இந்த இரண்டு எண்களையும் காட்டுங்கள்.

இப்போது டைல்ஸ் பெட்டிக்கு வருகிறேன், எனக்கு அதிகம் கோபம் வருவது இங்கேதான். பெட்டி மேலும் விவரத்தாளிலும் ஆர்-9, ஆர்-10 என்று போட்டிருப்பார்கள். ஆர்-9 என்றதும் பத்துக்கு ஒன்பது மார்க் என்பதுபோல் கேட்பவர் மனதில் பதிகிறது, விற்பவரும் அதைத் திருத்துவதில்லை. உண்மையில் அந்த வரிசை தொடங்குவதே 9-ல்தான், 13-ல் முடிகிறது. ஆர்-1 முதல் ஆர்-8 வரை கிடையவே கிடையாது. இது ஜெர்மனியில் உருவான சாய்தளச் சோதனை. டைல் பதித்த பலகையின் மேல் எண்ணெய் ஊற்றி, பாதுகாப்புக் கயிறு கட்டிய ஒருவர் குறிப்பிட்ட வகை பூட்ஸ் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் நடப்பார், பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள், எந்தக் கோணத்தில் அவருக்குக் கால் நிற்கவில்லையோ அதுதான் கணக்கு. 6 டிகிரி தாண்டி 10 வரை தாங்கினால் ஆர்-9, 19 வரை ஆர்-10, 27 வரை ஆர்-11, 35 வரை ஆர்-12, அதற்கு மேல் ஆர்-13. ஆக ஆர்-9 என்பது தேர்வு பெற்றவர்களில் கடைசி ஆள். அதை நனையும் நுழைவாயிலில் பதித்துவிட்டு, 'ஆன்ட்டி ஸ்கிட் டைல்தான் சார் போட்டோம்' என்பது சட்டப்படி பொய்யாக இல்லாமல் இருக்கலாம், நடந்து வருகிறவருக்கு அது பொய்தான்.

சோதனை மோசமானது என்று சொல்ல வரவில்லை. பூட்ஸும் எண்ணெயும் உள்ள தொழிற்சாலைக்கு அது பொருத்தமாகவே இருக்கும். வெறுங்காலுக்குச் சோப்புத் தண்ணீர் ஊற்றிச் செய்யும் சாய்தளச் சோதனையும் தனியாக உண்டு, 12 டிகிரிக்கு ஏ, 18-க்கு பி, 24-க்கு சி என்று வகை கொடுப்பார்கள், குளியலறைக்கு டைல் வாங்குபவர்கள் கேட்க வேண்டியது இந்த எழுத்தை, ஆர் எண்ணை இல்லை. ஆனால் இரண்டுமே ஆய்வகத்தில் புது டைலுக்குச் செய்வது. பதித்த தரையைப் பெயர்த்துக்கொண்டுபோய்ச் சாய்க்க முடியாது. பதித்த பிறகு அந்தத் தரைக்கு என்ன ஆனது என்பதைப் பெட்டி சொல்லாது.

என்ன ஆகிறது? முதலில் பதிக்கும்போதே இடுக்கில் வைத்த பூச்சின் மிச்சம் டைல் மேல் படிகிறது. அப்புறம் திறப்பு விழாவுக்குப் பளபளக்க வேண்டும் என்று யாரோ பாலிஷோ மெழுகோ அடிக்கிறார்கள், ஆயிரக்கணக்கில் கால்கள் நடந்து மேடுகள் தேய்கின்றன, தரை துடைக்கும் திரவத்தை அளவு பார்க்காமல் ஊற்றி, கழுவி விடாமல் விடுவதால் அதன் படலம் நாளுக்கு நாள் ஏறுகிறது, அடுத்த முறை தண்ணீர் பட்டதும் அந்தப் படலமே வழுக்க ஆரம்பிக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் ஒரே வாளித் தண்ணீரில் மாப்பை நனைத்து நனைத்துத் துடைத்தால் ஒரு மூலையில் இருந்த எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகும், சுத்தம் செய்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் விழும். நன்றாகப் பிழிந்த மாப்கூட வழுவழுப்பான தரையில் ஒருவரை விழவைக்கப் போதுமான நீர்ப்படலத்தை விட்டுச் செல்லும் என்று எச்.எஸ்.இ. எச்சரிக்கிறது. ஆக, ஆட்கள் நடமாடும் நேரத்தில் துடைக்காமல் இருப்பதும், துடைத்தால் காயும்வரை அந்தப் பகுதியை அடைத்து வைப்பதும்தான் வழி. மஞ்சள் பலகையை நட்டுவிட்டுப் போவது இதற்குப் பதில் ஆகாது. சில இடங்களில் அந்தப் பலகை நாள் முழுக்க அங்கேயே நிற்கிறது, காய்ந்திருக்கும்போதும் நிற்கிறது, ஈரமாக இருக்கும்போதும் நிற்கிறது, அப்புறம் யார் அதைப் பார்ப்பார்கள்? போதாக்குறைக்கு அது காலிலும் இடறுகிறது.

சில சோதனைக்காரர்கள் ஒரு சின்னக் கருவியைத் தரையில் வைத்து இழுத்து, அசையத் தொடங்கும்போது எவ்வளவு விசை தேவைப்பட்டது என்று எழுதிக் கொடுக்கிறார்கள். காய்ந்த தரைக்கு அது ஏதோ சொல்லலாம். ஈரத் தரையில் ஏமாற்றிவிடும், ஏனென்றால் கருவி சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அதன் அடியில் இருக்கும் தண்ணீர் வெளியேறி ரப்பர் தரையோடு ஒட்டிக்கொள்கிறது, நடப்பவரின் குதிகாலுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் இப்படி இழுத்து அளக்கும் ஏ.எஸ்.டி.எம். சி1028 என்ற முறையை நீண்ட காலம் பயன்படுத்தினார்கள், 0.6 என்ற எண்ணை எல்லா விவரத்தாளிலும் போட்டார்கள், 2014-ல் அந்த முறையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இப்போது அங்கே டைல்ஸுக்கு, நகரும்போது இருக்கும் உராய்வைத்தான் அளக்கிறார்கள், தரையை லேசான சோப்புத் தண்ணீரால் நனைத்துவிட்டு. நனைந்த நிலையில் நடக்க வேண்டிய கட்டட உள்தரைக்குக் குறைந்தது 0.42 வேண்டும். அதுவும் சமதரைக்கு, எண்ணெய் கிண்ணெய் இல்லாத சுத்தமான தண்ணீருக்கு மட்டும். அந்த 0.42-ஐப் பெண்டுலத்தின் 36-ஓடு ஒப்பிட்டு எது பெரிசு என்று பார்க்கக் கூடாது, இரண்டும் வேறு வேறு கருவி, வேறு வேறு ரப்பர், ஒன்றை இன்னொன்றாக மாற்ற வாய்ப்பாடு கிடையாது. ஐரோப்பாவில் 2021-ல் வந்த இ.என். 16165 தரநிலையிலேயே வெறுங்கால் சாய்தளம், பூட்ஸ் சாய்தளம், பெண்டுலம், இழுவைக் கருவி என்று நான்கு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள், எப்படி அளப்பது என்று சொல்லியிருக்கிறார்கள், எவ்வளவு இருந்தால் போதும் என்று அதில் சொல்லவில்லை. எனவே 'தரநிலைப்படி சோதித்தது' என்று ஒரு வரி மட்டும் எழுதியிருந்தால் அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள், எந்த முறை, என்ன எண், எந்த ஈரம் என்று கேளுங்கள்.

சாய்தளங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், சக்கர நாற்காலிக்கும் முதியோருக்கும் என்று கட்டிவிட்டு அதன் மேல் வாசலில் மிச்சமான பாலிஷ் கல்லையே ஒட்டிவிடுகிற இடங்கள் நிறைய. சரிவில் நடக்க அதிக உராய்வு வேண்டும், டிகிரிக்கு ஏறக்குறைய 1.75 பெண்டுலம் எண் கூடுதலாகத் தேவை. 12-க்கு 1 என்ற சரிவு கிட்டத்தட்ட 4.8 டிகிரி, அப்படியென்றால் 36 போதாது, 44-க்குப் பக்கத்தில் வேண்டும். அந்தச் சாய்தளம் பெரும்பாலும் கட்டடத்துக்கு வெளியே, மழை படும் இடத்தில்தான் இருக்கும்.

அதற்காக எல்லா இடத்திலும் உப்புத்தாள் மாதிரி தரை போடச் சொல்லவில்லை. அதிகச் சொரசொரப்பில் அழுக்குத் தங்கும், கிருமி பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய இடங்களில் அது பிரச்சினைதான். காலை உயர்த்தாமல் இழுத்து இழுத்து நடக்கும் முதியவருக்கு, வழுவழுப்பான தரை திடீரென்று அதிகம் பிடிக்கும் தரையாக மாறினால் அதுவே இடறலாகும். நனையவே வாய்ப்பில்லாத அறைக்கு வழுவழுப்பான கல் போட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். நுழைவாயிலில் நீளமான மேட் போட்டு, செருப்பின் ஈரம் உள்ளே வராமலே தடுத்தால் பாதி வேலை முடிந்தது. மூன்று அடி மேட் போட்டுவிட்டு அது சுருண்டு கிடப்பதை மேட் போட்டதாகக் கணக்குச் சொல்லக் கூடாது.

ஆக, பொதுமக்கள் வந்து போகும் கட்டடத்தைக் கட்டுகிறவர்களும் நடத்துகிறவர்களும் செய்ய வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒப்பந்தத்திலேயே 'பதித்து முடித்த தரையில், ஈரத்தில், பெண்டுலம் எண் 36-க்குக் குறையக் கூடாது' என்று ஒரு வரி எழுதுங்கள், சாய்தளத்துக்குத் தனியாக எழுதுங்கள். கடைசித் தவணை கொடுக்கும் முன் அளந்து பாருங்கள். கருவியை ஒருவரே தூக்கிக்கொண்டு வரலாம், தரையைத் தோண்டவோ உடைக்கவோ வேண்டாம். அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது, சுத்தம் செய்யும் திரவத்தை மாற்றினால் அப்போதும், பாலிஷ் போட்டால் கட்டாயமாகவும் மறுபடி அளக்க வேண்டும். அளந்த எண்ணையும் தேதியையும் வாசலில் எழுதிப் போட்டால் இன்னும் நல்லது. இதைக் கட்டாயமாக்க அரசு விதி கொண்டுவரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஆனால் விதி கொண்டுவருபவர்கள் புது டைலின் சான்றிதழைக் கேட்பதோடு நிறுத்திக்கொண்டால் அது காகிதத்தில் மட்டும் இருக்கும் பாதுகாப்பாகத்தான் முடியும்.

எண் குறைந்து வந்துவிட்டால் உடனே தரையைப் பெயர்க்க வேண்டும் என்றும் இல்லை. பல தரைகளில் படிந்திருக்கும் மெழுகையும் சோப்புப் படலத்தையும் ஒழுங்காக எடுத்தாலே எண் ஏறும், அதை முதலில் செய்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அது போதாதபோதுதான் அமிலம் அரித்துச் சொரசொரப்பாக்குவது, வழுக்காத பூச்சு அடிப்பது எல்லாம், அவையும் காலடி பட்டுத் தேயும் என்பதால் அவற்றையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். தரை மோசம் என்று அறிக்கை கொடுப்பவரே அடுத்த பக்கத்தில் பூச்சுக்கு விலைப்பட்டியலும் வைத்தால், அல்லது டைல் விற்றவரே சோதித்துத் தேர்ச்சி கொடுத்தால், அந்த அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டிலும் லாபம் இல்லாத ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் கொடுக்கும் அறிக்கையில் கருவியைச் சரிபார்த்த தேதி, பயன்படுத்திய ரப்பரின் வகை, தரையில் எந்தெந்த இடம், எந்தெந்தத் திசை, ஈரமா காய்ந்ததா, இத்தனையும் இருக்க வேண்டும். காய்ந்த தரைக்கு மட்டும் எண் இருந்தால் பணம் கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்பு வேலையில் இருக்கும் ஒரு வாசகர்